குடையில் முதல் பெயர்

கியோத்தோ
19 நவம்பர் 2006

சித்ரா,

அன்று அண்ணனிடம் நான் சொல்லாமல் விட்டது இது: "கண்டுபிடிக்க முடியும். பார்த்த உடனேயே தெரிகிறது. முதலில் கையெழுத்துப் போட்டவள் சித்ராதேவி."

தீபாவளி முடிந்து நான் இங்கே கிளம்புவதற்கு முந்தின நாள் அது. அப்பாவிடம் சொல்லிக்கொள்ள எங்கள் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். யுவன் அண்ணன் தன் அறைக்குள் கூப்பிட்டார். மேனேஜர் சிவசுப்பிரமணியமும் இருந்தார். மேசைமேல் கட்டிங் செக்‌ஷனில் பேட்டர்ன் வரைகிற பெரிய தாள். நடுவில் மூன்று வரி: "பாத்ரூம் போக லைனுக்கு ஒரு டோக்கன் என்பதை எடுத்துவிட வேண்டும். டோக்கன் திரும்பி வரும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நாங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்கிறோம்." அதைச் சுற்றிக் குடைக்கம்பிகள் மாதிரி உங்கள் தையல் லைன் பெண்கள் அத்தனை பேரின் பெயர்களும்.

"கண்ணு, இது உன்ற குடைதானே?" என்றார் அண்ணன்.

"ஆமாங்ணா."

"இதுல மொதல்ல போட்டது ஆருன்னு கண்டுபுடிக்க முடியுமா?"

மேனேஜர் குறுக்கே வந்தார். "தப்பா ஒண்ணும் இல்லீங் பாப்பா. ஆருகிட்டப் பேசறதுன்னு தெரியோணுமல்லங்க. அதுக்குத்தான்."

"முடியாதுங்ணா. முடியக்கூடாதுன்னுதான் வட்டமாப் போடறது."

"ஜப்பான் வரைக்கும் போயி படிச்சும் முடியாதா?" என்று அண்ணன் சிரித்தார். எனக்கு டீ வந்தது. குடித்தேன். அவ்வளவுதான்.

உன் லைன் மருதாளின் பெயர் ஒரு சந்தில் நெருக்கி எழுதப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் உன் பெயர். டீ ஆறுகிறவரை அதைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடிதத்தில் இந்தக் குடையைப் பற்றி உனக்கு எழுதினேன். ஐந்நூறு வருடத்துக்கு முன்பு இங்கே குடியானவர்கள் மேலே இருப்பவர்களுக்கு எதிராக ஒன்று சேர்ந்து கேட்கும்போது, தலைவன் யார் என்று தெரியாதபடி வட்டமாகக் கையெழுத்துப் போட்டார்கள் என்று. ஓரத்தில் படம்கூட வரைந்திருந்தேன். நீ மேல்நாட்டுச் செய்தி படிக்கிற மாதிரி படித்துவிட்டு வைத்திருப்பாய் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மாதம் ஊரில் இருந்தேன். உன் வீட்டில் இரண்டு முறை சாப்பிட்டேன். நல்லூர் பஸ் ஸ்டாப்பில் நின்று அரை மணி நேரம் பேசினோம். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் மேசையில் அதைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

நித்யா

*

நல்லூர்
6 டிசம்பர் 2006

முதலாளி மகளுக்கு,

கோபித்துக்கொள்ளாதே, இப்படித்தான் எழுத வருகிறது. என்னவென்று சொல்லியிருப்பேன்? "உங்கள் கம்பெனியில் நாங்கள் ஒன்றுக்குப் போவதற்குப் பிளாஸ்டிக் டோக்கன் வைத்திருக்கிறார்கள், சிவப்புக் கலர்" என்று உன் தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொல்வதா? அம்மா வேறு அன்று உனக்கென்று நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள்.

சொன்னால் உங்கள் ஆளுக்கும் எங்கள் ஆளுக்கும் நடுவில் நீ நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் உனக்கு எதுவும் தெரியாது, சும்மா இருந்தால் போதும். அப்படி நினைத்தேன். கடைசியில் உன்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டேன். அதற்கு மட்டும் வருத்தம்.

டோக்கன் ஆடி மாதம் வந்தது. துணி வாங்குகிற ஜப்பான் பார்ட்டி வந்து பார்த்துவிட்டுப் போனதற்கு அப்புறம். ஒரு லைனுக்கு ஒன்று, சூப்பர்வைசர் மேசையில் தொங்கும். ஒருத்தி எடுத்துக்கொண்டு போனால் அவள் வரும்வரை மற்றவர்கள் இருக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. தண்ணீர் குடிப்பதையே பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். ஆண்டிபட்டிப் பக்கத்து ராமாயி அக்கா, ஓவர்லாக் மெசின் ஓட்டுகிறார்களே, உனக்குத் தெரியும்; அவர்களுக்கு நீர்க்கடுப்பு வந்து இரண்டு தடவை ஆஸ்பத்திரி.

சாப்பாட்டு ஹாலில் தாளை விரித்து உட்கார்ந்தபோது யாரும் பேனாவைத் தொடவில்லை. "நீங்க போடுங்க", "நீங்க போடுங்க". அப்போதுதான் உன் குடை நினைவுக்கு வந்தது. "தலையே கிடையாது, வட்டம்" என்று சொல்லி நான் போட்டேன். அப்புறம் தாள் கை மாறிச் சுற்றிக்கொண்டே போனது. ராமாயி அக்காதான் முரண்டு பிடித்தார்கள். நான் பேனாவைக் கையில் திணித்தேன். மருதாள் அந்த நேரம் பார்த்து டோக்கனை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். திரும்பி வந்து, இருந்த சந்தில் பெயரைச் செருகினாள். "எனக்கு மட்டும் பாத்ரூம் மாதிரியே இடம் கொடுத்திருக்கீங்களே" என்றாள்.

அம்மா கேட்டாள்: "ஏட்டி, வட்டமாப் போட்டா என்ன, சதுரமாப் போட்டா என்ன. நாம இருக்க வீடு யாரு வீடுன்னு நெனச்சுப் பாத்தியா?"

நினைத்துப் பார்த்தேன். லைன் வீட்டில் எட்டாவது கதவு, உங்கள் அப்பாவுடையது. என் அப்பா இசக்கிமுத்து உங்கள் அப்பாவுக்கு நாலு மெசின் இருந்த காலத்தில் தைத்ததற்காகக் கொடுத்தது. வேலை போனால் அதுவும் போகும்.

சரி, ஒன்று சொல். அந்தக் கடிதத்தில் கண்டுபிடிக்க முடியாது என்றுதானே எழுதியிருந்தாய்? இப்போது எப்படி முடியும் என்கிறாய்?

போன் பண்ணாதே. பக்கத்து வீட்டுப் போன் மேனேஜரின் சொந்தக்காரர் வீட்டுப் போன்.

சித்ரா

*

கியோத்தோ
24 டிசம்பர் 2006

சித்ரா,

நீ கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கடிதத்துக்கு அப்புறம் நான் கண்டுபிடித்தேன். இத்தனை வருடப் படிப்பில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

அப்பா என்னை ஜப்பானியம் படிக்கச் சென்னைக்கு அனுப்பியது, வாங்குகிறவர்களின் ஃபேக்ஸ் வந்தால் வீட்டிலேயே படிக்க ஆள் வேண்டும் என்றுதான். நான் அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து இங்கே என்று யாருக்கும் உபயோகமில்லாத நூற்றாண்டுக்குள் போய்விட்டேன். அதற்கு ஈடாக இப்போதும் ஃபேக்ஸ் படித்துக் கொடுக்கிறேன். ஆனி மாதம் வந்த ஒன்றில், "லைனில் காலி இருக்கைகள் ஏன்?" என்று ஒரு வரி இருந்தது. அதை மொழிபெயர்த்தது நான்தான். டோக்கன் ஆடியில் வந்தது என்று நீ எழுதியதைப் படித்த பிறகு அந்த வரி மறக்க மாட்டேன் என்கிறது.

நான் படிப்பது ஒரு மலைக் கிராமத்தின் தாள். கோயிலுக்குச் சொந்தமான ஊர். வரி வசூலிக்கிற காரியக்காரர் அடிக்கிறார், அவரை மாற்ற வேண்டும் என்று ஊர்க்காரர்கள் வட்டமாகக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். வட்டத்துக்குத் தலை கிடையாது. ஆனால் வால் உண்டு. பெயர் ஏற ஏற இடம் குறைகிறது. கடைசி ஆள் மிச்சமிருக்கும் சந்தில் நெருக்கித்தான் எழுத முடியும். அந்த நெருக்கலுக்கு ஒரு பக்கம் கடைசிக்கு முந்தினவர். மறுபக்கம் முதல் ஆள்.

எது எந்தப் பக்கம்? இவர்கள் எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். வட்டத்திலும் அப்படியே போயிருந்தால், நெருக்கலை மேலே வைத்துப் பார்க்கும்போது அதன் இடப்பக்கம் இருப்பவர் முதல் ஆள். அங்கே யசபுரோ என்று ஒரு பெயர். கோயில் கணக்கில் தேடினேன். அதே வருடம் யசபுரோவின் வீட்டைக் கொளுத்தி, அவனை ஊர் எல்லைக்கு வெளியே துரத்தியிருக்கிறார்கள். வேறு யாரையும் தொடவில்லை. அவன்தான் தலைவன் என்பதற்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்? போன வருடம் அதை ஆங்கிலத்தில் கட்டுரையாக எழுதினேன், அம்புக்குறி போட்ட படத்தோடு. அதன் முதல் பக்கத்தையும் படத்தையும்தான் அப்பா ஃபிரேம் போட்டு ரிசப்ஷனில் மாட்டியிருக்கிறார். ஆய்வேட்டின் நடு அத்தியாயம் அதுதான்.

பேராசிரியர் இனோகுமா ஒருமுறை கேட்டார், இடமாகத்தான் போனார்கள் என்று எப்படித் தெரியும் என்று. யசபுரோவைக் காட்டினேன். தலையாட்டினார். ஒத்துக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

இங்கே அறையில் ஹீட்டர் காலடியில் மட்டும்தான் சுடும். பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலிக்கிறது. கவலைப்படாதே. அண்ணன் இதையெல்லாம் படிக்க மாட்டார்.

நித்யா

*

நல்லூர்
22 ஜனவரி 2007

நித்யா,

உங்கள் அண்ணன் படிக்கவில்லை. மேனேஜர் படித்தார்.

பொங்கல் லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று கேட்டில் வாட்ச்மேன் வீரணன் ராமாயி அக்காவை மட்டும் நிறுத்தினார். "கார்டக் குடுத்துட்டுப் போங்கம்மா. உள்ள விட வேண்டாம்னுட்டாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது." அக்கா கையில் தூக்குச்சட்டியோடு நின்றார்கள். எங்களுக்குப் பின்னால் வருகை பதிக்கிற பஞ்சிங் மெசினுக்கு வரிசை. அக்காவுக்காக யாரும் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை. உள்ளே போய் என் மேசையில் உட்கார்ந்தேன்.

மதியம் லைன் சூப்பர்வைசர் எல்லாம் சொன்னாள். ரிசப்ஷனில் ஒரு பார்ட்டிக்காகக் காத்திருந்தபோது மேனேஜர் உன் ஃபிரேமைப் பார்த்திருக்கிறார். குடைப்படம், நெருக்கிப்போன பெயர், அதற்கு இடப்பக்கம் அம்பு. கீழே ஷோகேஸில் உன் கட்டுரை வந்த புத்தகமும் இருக்கிறதல்லவா, அதை எடுத்து உங்கள் அண்ணனிடம் கொண்டுபோயிருக்கிறார். இரண்டு பேரும் எங்கள் தாளை விரித்து மருதாளை மேலே திருப்பி வைத்தார்கள். இடப்பக்கம் ராமாயி அக்கா.

"புக்குலயே போட்டிருக்குதுங்க" என்றாராம் மேனேஜர்.

நித்யா, நாங்கள் வலமாகப் போனோம். என் பெயரை மேலே வைத்துப் பார்த்தால் அதற்கு வலப்பக்கம் அடுத்தவள் போட்டாள், அவள் பெயருக்கு வலப்பக்கம் அதற்கடுத்தவள். கோயில் சுற்றுகிறவர்கள் வேறெப்படிப் போவோம்? உன் ஜப்பான்காரர்கள் எப்படியோ போகட்டும். ராமாயி அக்கா கடைசிக்கு முந்தினவர்கள். போடவே மாட்டேன் என்றவர்கள்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். திட்டவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்: "நான் மாட்டேன், மாட்டேன்னேன்ல. நீதான சித்ரா, எல்லாரும் போட்டுட்டாகன்னு பேனாவக் குடுத்த. இப்ப நான் தலைவியாம். எங்க ஊர்ல கேட்டா சிரிப்பாக."

அப்புறம் காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். நீ டீ குடித்த மாதிரி.

வேறு கம்பெனியில் சேரலாம்தான். ஆனால் மேனேஜர் போன் போட்டுச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. இந்தத் தெருவில் எந்த யூனிட்டிலும் "அப்புறம் வாங்க" என்கிறார்கள்.

என்ன செய்வது என்று நீ சொல். படித்தவள் நீ.

சித்ரா

*

கியோத்தோ
4 பிப்ரவரி 2007

சித்ரா,

உன் கடிதம் வந்த அன்று பாடத்துக்குப் போகவில்லை. ஆற்றங்கரையில் பாலம் வரை நடந்துபோய்த் திரும்பினேன். எவ்வளவு நடந்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றேன். அதை எழுதுகிறேன்.

யசபுரோ தண்டிக்கப்பட்டான், அதனால் அவன்தான் முதல் ஆள், அதனால் அவர்கள் இடமாகப் போனார்கள். என் அத்தியாயம் நிற்பது இந்தக் காலில்தான். தண்டித்தவன் சரியான ஆளைத்தான் பிடித்திருப்பான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்தக் காரியக்காரரும் ஒரு மதியம் தாளை விரித்து வைத்து, நெருக்கலை மேலே திருப்பி, பக்கத்தில் இருந்த பெயரைத் தொட்டிருக்கலாம். யசபுரோவும் மாட்டேன் மாட்டேன் என்றவனாக இருக்கலாம். நெருக்கலுக்கு மறுபக்கம் இருந்த இன்னொருவன், வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றிருக்கலாம். அவன் பெயர் கென்னோஜோ. அவனைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

நீ நின்றாய் என்று சொல்லவில்லை. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதே.

அண்ணன் மேசையில் அன்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். அம்பை நான் நினைக்கவே இல்லை. மருதாளுக்கு ஒரு பக்கம் ராமாயி, மறுபக்கம் நீ. உன்னைத் தெரியும் என்பதால் நீ என்று முடிவு செய்தேன். ஆளைத் தெரிந்ததால் தெரிந்தது, விதியால் அல்ல. யசபுரோவை எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதிவிட்டேன்.

இப்போது நான் செய்யக்கூடியது இரண்டு. தாளை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது, எல்லாமே கட்டுக்கதை என்று அண்ணனுக்கு எழுதலாம். அது பொய். அச்சில் இருக்கிறதை வைத்துக்கொண்டு அவர் நம்பவும் மாட்டார். உண்மையை எழுதினால், அம்புக்கு ஆதாரம் இல்லை, இடமாகவும் இருக்கலாம் வலமாகவும் இருக்கலாம் என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் அண்ணன் மருதாளின் வலப்பக்கம் பார்ப்பார். ராமாயியைக் காப்பாற்றுகிற ஒவ்வொரு வாக்கியமும் உன்னைக் காட்டிக்கொடுக்கிறது. ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன்.

உன் வேலை, உன் வீடு, உன் அம்மா. இதை நான் முடிவு செய்யக்கூடாது. அதே சமயம் உன் தலையில் போட்டுவிட்டு நான் நல்லவளாக இருக்கவும் பார்க்கிறேன், அதுவும் தெரிகிறது.

நித்யா

*

நல்லூர்
20 பிப்ரவரி 2007

நித்யா,

நானே போய்ச் சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் முதலில் சொன்னேன். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். அதுதான் அவள் பதில்.

உங்கள் அண்ணன் உட்காரச் சொன்னார். "சார், மொதல்ல கையெழுத்துப் போட்டது நான்தான். ராமாயி அக்கா இல்ல" என்றேன். மனதுக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் போன வாக்கியம்.

அண்ணன் பேனாவை மூடி வைத்தார். "ஏனுங்க சித்ரா, ராமாயிக்குப் பாவம் பார்த்து வந்திருக்கீங்க. எனக்குப் புரியுதுங்க."

"இல்ல சார், நெசமாவே."

"உங்கய்யன் எங்களுக்கு மெசின் ஓட்டுனவரு. எங்க ஊட்டுல சாப்பிட்டவரு. நீங்க எங்களுக்கு எதிரா மொதல் பேரு போட மாட்டீங்க. அது எனக்குத் தெரியாதுங்களா?"

மேனேஜர் சிரித்தார். "அதில்லாம புக்கே சொல்லுதுங்க அம்மிணி. நம்ம பாப்பா எழுதுனதுங்க. ஜப்பான்காரனே ஒத்துக்கிட்டிருக்கறான். நீங்க போயி இல்லீங்கறீங்க."

ஒரு டீ சொன்னார்கள். அதை மட்டும் நான் குடிக்கவில்லை.

வெளியே வரும்போது ரிசப்ஷனில் உன் ஃபிரேமைப் பார்த்தேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. இத்தனை வருடம் என்னைக் காப்பாற்ற யாருமே இல்லை என்று நினைத்திருந்தேன். இப்போது உன் புத்தகம் காப்பாற்றுகிறது, என் அப்பா காப்பாற்றுகிறார், மேனேஜர் சிரித்துக்கொண்டே காப்பாற்றுகிறார். லைனுக்குத் திரும்பி வந்தேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மருதாள் மட்டும், "அக்கா, வலப்பக்கமா இடப்பக்கமா?" என்று கிண்டல் செய்துவிட்டு அழுதாள்.

நான் சொன்னால் நம்பமாட்டார்கள். நீ எழுதினால் நம்புவார்கள். எழுது. அம்பு தப்பு என்று எழுது. என் பெயரையும் போட்டே எழுது. வீட்டைப் பற்றி நீ யோசிக்காதே, பெட்டி துடைத்தாயிற்று.

சித்ரா

*

கியோத்தோ
8 மார்ச் 2007

சித்ரா,

எழுதிவிட்டேன். அண்ணனுக்குப் போன கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்:

"அண்ணாவுக்கு, நான் கட்டுரையில் போட்ட அம்புக்குறிக்கு ஆதாரம் போதாது. அதை வைத்து யாரையும் முதல் ஆள் என்று சொல்ல முடியாது. ராமாயி முதல் ஆள் இல்லை. சித்ரா உங்களிடம் வந்து சொன்னது உண்மை. அன்று நீங்கள் கேட்டபோது எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அவர்கள் கேட்டது டோக்கனை எடுக்கத்தான். அதை எடுத்துவிட்டால் யார் முதலில் என்பதே வேண்டியதில்லை."

படித்துவிட்டுப் போன் செய்தார். "அஞ்சு வருசமா இதைத்தான் படிச்சியா கண்ணு, தப்பா எழுதறதுக்கு?" என்றார். கோபமாக இல்லை. களைப்பாகக் கேட்டார். "அப்பாகிட்டச் சொல்லாத. படத்தைக் கழட்டினா மனசு விட்டுருவாரு" என்று வைத்துவிட்டார். உங்கள் இருவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பேராசிரியரிடமும் சொன்னேன். திருப்பூரில் நடந்ததைச் சொல்லாமல் எப்படி விளக்குவது என்று தெரியாமல் அதையும் சொன்னேன். டோக்கனுக்கு ஜப்பானியத்தில் நான் போட்ட சொல் அவருக்குப் புரியவில்லை. ஒரு பொத்தானை மேசையில் வைத்துக் காட்டினேன். அதை எடுத்து உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார். பிறகு, "அந்த அத்தியாயம் இல்லாமல் இந்த ஆய்வேடு செப்டம்பருக்குள் முடியாது. உதவித்தொகை அதோடு நின்றுவிடும். தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். கட்டுரை வந்த ஆய்விதழின் ஆசிரியருக்கும் எழுதியிருக்கிறேன். அடுத்த இதழில் திருத்தம் போடுவதாகச் சொன்னார்கள், மூன்று வரி.

இதை ஏதோ தியாகம் மாதிரி உனக்கு எழுதவில்லை. தப்பாக இருந்தது, எடுத்தேன். நீ இழக்கப் போவது அப்படி இல்லை.

நித்யா

*

வீரபாண்டி
30 ஏப்ரல் 2007

நித்யா,

மேலே உள்ள முகவரியைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

உங்கள் அண்ணன் என்னைக் கூப்பிடவில்லை. மேனேஜர்தான் கூப்பிட்டார். இந்த முறை நின்றுகொண்டே பேசினோம். வேலை பற்றி இரண்டு நிமிடம், வீடு பற்றி ஒரு நிமிடம். மாதம் முடிய டைம் கொடுத்தார்கள். உங்கள் அப்பா ஒருநாள் லைன் வீட்டுப் பக்கம் வந்து அம்மாவிடம், "உங்க பொண்ணு இப்புடிப் பண்ணும்னு நெனைக்கலீங்க" என்றார். அம்மா, "நாங்களும் நெனைக்கல சாமி" என்றாள்.

ராமாயி அக்காவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பழைய மெசின். போன வாரம் பஸ்ஸில் பார்த்தேன். பக்கத்தில் இடம் இருந்தது, உட்காரச் சொன்னார்கள். இறங்குகிறவரை பேசவில்லை. நானும்தான்.

நீ செய்தது சரி. நான்தான் செய்யச் சொன்னேன். ஆனாலும் உன் கையெழுத்தைக் கவரில் பார்த்தால் கொஞ்சம் வயிறு எரிகிறது. ஆறட்டும். அதுவரை எழுதாதே.

சித்ரா

*

டெல்லி
14 செப்டம்பர் 2008

சித்ரா,

உன் முகவரி இன்னும் அதேதான் என்று மருதாளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எழுதாதே என்றாய், ஒன்றரை வருடம் எழுதவில்லை. இதுவும் பதில் வேண்டி எழுதவில்லை.

கடன் வாங்கி ஆறு மாதம் கூடுதலாக இருந்து ஆய்வேட்டை முடித்தேன். ஏற்றுக்கொண்டார்கள். நடு அத்தியாயம் மாறிவிட்டது. யசபுரோவைப் பற்றி இருந்த நாற்பது பக்கத்துக்குப் பதில் கென்னோஜோவையும் சேர்த்துப் பன்னிரண்டு பக்கம். கடைசி வாக்கியம் இது: "இவர்களில் முதலில் கையெழுத்திட்டவர் யார் என்று தெரியவில்லை, தண்டிக்கப்பட்டவர் யார் என்று மட்டுமே தெரியும்." வாய்மொழித் தேர்வில் ஒருவர், இவ்வளவு உழைத்து இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இங்கே ஒரு கல்லூரியில் தற்காலிக வேலை. மாணவர்களுக்கு ஜப்பானிய எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் கம்பெனிகளில் ஃபேக்ஸ் படிக்கப் போகிறவர்கள்.

வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். கம்பெனிக்குப் போகவில்லை. அம்மா நலமா?

நித்யா

*

வீரபாண்டி
9 அக்டோபர் 2008

நித்யா,

ஆறிவிட்டது. முழுக்க இல்லை.

அம்மா நலம். எனக்கு இங்கே செக்கிங் செக்‌ஷனில் வேலை, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். போன மாதம் ராமாயி அக்கா அவர்களாகவே வந்து, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். உன் ஃபிரேம் ரிசப்ஷனில் அப்படியே இருக்கிறதாம். திருத்தம் வந்தது அங்கே யாருக்கும் தெரியாது.

டோக்கனை எடுக்கவில்லை. லைனுக்கு இரண்டாக்கியிருக்கிறார்கள்.

சித்ரா